70 வயதைக் கடந்த முன்னாள் படைவீரர்கள்: இரு அரசு மருத்துவத் திட்டங்களும் தேவையா, ஒன்று போதுமா?

புது தில்லி: வருமான வரம்பு ஏதுமின்றி, 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை இலவச மருத்துவக் காப்பீடு வழங்கும் திட்டத்துக்கு 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி இதைத் தொடங்கிவைத்தார். 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்ற பெயரில் இதற்கான அட்டைகள் வழங்கப்படுகின்றன.

இத்திட்டத்தில் ஒரு நிபந்தனை உள்ளது. மத்திய அரசு சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், மத்திய ஆயுதக் காவல் படையினருக்கான ஆயுஷ்மான் திட்டம் ஆகியவற்றில் ஏற்கெனவே பயன்பெறுவோர், பழைய திட்டத்தில் நீடிக்கலாம் அல்லது புதிய திட்டத்துக்கு மாறலாம். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது. தனியார் காப்பீடு பெற்றவர்களுக்கும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-யில் உள்ளவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் இரண்டையும் பயன்படுத்தலாம்.

இதனால், நாட்டின் எல்லையைக் காத்து ஓய்வுபெற்றவர்கள் ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்பது சரியா என்ற கேள்வி எழுகிறது. விடை காண, இரு திட்டங்களும் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை அறிய வேண்டும்.

இசிஎச்எஸ் என்பது என்ன?

இசிஎச்எஸ் எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஓய்வுபெற்ற வீரர்கள் பெரும்பாலும் ராணுவ மருத்துவமனைகளையே நம்பியிருந்தனர். அங்கு பணியில் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்பதால், மற்றவர்களுக்கான இடம் குறைவாகவே இருந்தது.

தற்போது நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட இசிஎச்எஸ் பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. உறுப்பினர்களும் அவர்களைச் சார்ந்திருப்போருமாக சுமார் 60 லட்சம் பேர் பயன்பெறுகின்றனர். வெளிநோயாளி சிகிச்சையும் மருந்துகளும் பாலிகிளினிக்கில் வழங்கப்படுகின்றன. மேல்சிகிச்சை தேவைப்பட்டால், அங்கிருந்து ராணுவ மருத்துவமனைக்கோ, ஒப்பந்தப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ நோயாளி பரிந்துரைக்கப்படுகிறார். சிகிச்சைச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது.

உறுப்பினராக ஒருமுறை மட்டும் பங்களிப்புத் தொகை செலுத்த வேண்டும். 2017 டிசம்பரில் திருத்தப்பட்ட விகிதத்தின்படி, ஹவில்தார் நிலை வரை ரூ. 30,000, சுபேதார் நிலையினருக்கு ரூ. 67,000, அதிகாரிகளுக்கு ரூ. 1,20,000 என இத்தொகை அமைந்துள்ளது. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு விலக்கு உண்டு.

வய வந்தனாவில் கிடைப்பது என்ன?

வய வந்தனா, 2018-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் விரிவாக்கம் ஆகும். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சையே இதில் அடங்கும். அனுமதிக்கு முந்தைய 3 நாள்கள், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள்கள் வரையிலான செலவும் சேர்க்கப்படுகிறது. அன்றாட வெளிநோயாளி சிகிச்சைக்கும் மாதந்தோறும் வாங்கும் மருந்துகளுக்கும் இதில் இடமில்லை. ரூ. 5 லட்சம் என்பது ஒரு குடும்பத்தில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் பொதுவான தொகை.

எடுத்துக்காட்டாக, நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ள 72 வயது ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரைக் கருதலாம். ஆண்டு முழுவதும் அவருக்குத் தேவைப்படுவது மாத்திரையும் பரிசோதனையுமே. இவை இசிஎச்எஸ்-இல் கிடைக்கும். வய வந்தனாவில் கிடைக்காது. அதே நேரம், அவரது கிராமத்திலிருந்து பாலிகிளினிக் தொலைவில் இருந்து, வய வந்தனாவை ஏற்கும் மருத்துவமனை அருகில் இருக்குமானால், அறுவை சிகிச்சை போன்ற தேவைக்கு இரண்டாவது அட்டையே எளிதாக இருக்கும்.

இரண்டும் வேண்டும் என்பதற்கான வாதங்கள்

முதல் வாதம் சமத்துவம் பற்றியது. இஎஸ்ஐ-யும் அரசு நடத்தும் திட்டமே; பங்களிப்பு செலுத்திப் பெறும் உரிமையே. இஎஸ்ஐ உறுப்பினருக்கு அனுமதிக்கப்படும் இரட்டைப் பயனை முன்னாள் படைவீரருக்கு மட்டும் மறுப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

இரண்டாவது வாதம், இசிஎச்எஸ் சலுகையன்று, பணி நிபந்தனையின் ஒரு பகுதி என்பது. பணம் செலுத்தியவர்கள் என்று மட்டும் பார்த்தால் இவ்வாதம் முழுமை பெறாது. படைவீரர்கள் பலர் 40 வயதுக்கு முன்பே ஓய்வுபெறுகின்றனர். ஆகவே, இன்று 70 வயதைக் கடந்த வீரர்களில் பலர் 1996-க்கு முன் ஓய்வுபெற்று, பங்களிப்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அவர்களது உரிமை, செலுத்திய தொகையிலிருந்து அல்லாமல், ஆற்றிய பணியிலிருந்து வருவது. வய வந்தனாவோ வயதின் அடிப்படையில் எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கப்படுவது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே இவ்வாதத்தின் சாரம்.

வேண்டாம் என்பதற்கான வாதங்கள்

எதிர்த்தரப்பின் முதன்மையான வாதம் பொதுநிதி பற்றியது. இசிஎச்எஸ்-க்கான ஒதுக்கீடு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ரூ. 6,968 கோடியாகவும், 2025-26-இல் ரூ. 8,317 கோடியாகவும் இருந்தது. உச்சவரம்பற்ற ஒரு திட்டத்துக்கு இவ்வளவு செலவிடும் அரசு, அதே நபருக்கு வரம்புடைய மற்றொரு திட்டத்தையும் ஏன் வழங்க வேண்டும் என்பது கேள்வி.

பயன்படுத்தாத அட்டையால் செலவில்லை என்று கூறிவிடவும் முடியாது. மக்கள் ஆரோக்கியத் திட்டத்தைச் சில மாநிலங்கள் அறக்கட்டளை முறையிலும், சில காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகவும், சில இரண்டும் கலந்த முறையிலும் நடத்துகின்றன. அறக்கட்டளை முறையில் சிகிச்சை நடந்தால்தான் செலவு. காப்பீட்டு முறையில் ஒருவர் சிகிச்சை பெறாவிட்டாலும் அவருக்கான பிரீமியம் செலுத்தப்படும். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதற்குச் சான்று. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாநில அரசு ஓய்வூதியர்கள் பயனாளிகள் பட்டியலில் இடம்பெற்றிருந்ததையும், அவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ரூ. 22 கோடிக்கு மேல் பிரீமியம் செலுத்தப்பட்டதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

செலவை யார் ஏற்பது என்பதும் முக்கியம். இசிஎச்எஸ் செலவு முழுவதையும் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்கிறது. மக்கள் ஆரோக்கியத் திட்டச் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் இது 90:10. முன்னாள் படைவீரர்கள் இரு அட்டைகளையும் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைகளுக்கு வய வந்தனாவை நாடினால், இதுவரை முழுதும் மத்திய அரசு ஏற்றுவந்த சுமையின் ஒரு பகுதி மாநிலங்களின் மீது விழும். ஓய்வுபெற்ற வீரர்கள் மிகுதியாக வாழும் மாநிலங்களில் இதன் தாக்கம் கூடுதலாக இருக்கும்.

இடைப்பட்ட வழி

இரண்டையும் அனுமதித்து, எது முதலில் பணம் செலுத்த வேண்டும் என்று வரிசைப்படுத்துவது ஒரு வழி. அமெரிக்காவில் 2001 அக்டோபர் முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. பணி ஓய்வுபெற்று 65 வயதைக் கடந்த ராணுவத்தினருக்கு, முதியோருக்கான 'மெடிகேர்' திட்டம் முதலில் தன் பங்கைச் செலுத்துகிறது. மீதமுள்ளதை 'டிரைகேர் ஃபார் லைஃப்' என்ற ராணுவத் திட்டம் ஏற்கிறது. எனினும் இது முற்றிலும் இலவசமன்று. மெடிகேரின் 'பி' பிரிவுக்கான மாதச் சந்தாவை அவர்கள் செலுத்தியாக வேண்டும்.

இந்தியாவில் இதைப் பின்பற்ற, இரு திட்டங்களின் தரவுகளும் இணைக்கப்பட வேண்டும். ஒரே சிகிச்சைக்கு இரு இடங்களில் தொகை கோரப்படுவதை அப்போதுதான் தடுக்க முடியும். வெளிநோயாளி சிகிச்சையை இசிஎச்எஸ்-இல் தக்கவைத்து, உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் எந்த அட்டை முதலில் என்று வரையறுப்பதும் இயலும். மாநிலங்களின் பங்கை யார் ஈடுசெய்வது என்பதற்கும் அப்போது விடை தேவைப்படும்.

தேர்வுக்கு முன் கவனிக்க வேண்டியவை

தற்போதைய விதியின்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் உள்ள முன்னாள் படைவீரர்கள் சிலவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது நல்லது. தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களுக்கு வெளிநோயாளி வசதி முதன்மையானது. இசிஎச்எஸ் மனைவியையும் தகுதியுள்ள பிற சார்ந்தோரையும் உள்ளடக்குகிறது. 70 வயது நிறையாத மனைவிக்கு வய வந்தனா பொருந்தாது. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நீண்டகாலச் சிகிச்சைகளில் ரூ. 5 லட்சம் விரைவில் தீர்ந்துவிடக்கூடும். அருகிலுள்ள மருத்துவமனை எந்தத் திட்டத்தை ஏற்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஓய்வூதியத் தகுதி பெறும் முன்பே படையிலிருந்து விலகி, இசிஎச்எஸ் உறுப்பினராக முடியாமல் போனவர்களுக்கு இந்தத் தேர்வே எழுவதில்லை. வேறு அரசு மருத்துவத் திட்டம் இல்லாத அவர்கள், 70 வயது நிறைந்ததும் ஆதார் அட்டையைக் கொண்டு வய வந்தனாவில் பதிவு செய்துகொள்ளலாம்.