ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகப் பேரவை

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகப் பேரவை என்பது இங்கிலாந்தில் உள்ள ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த ஆட்சி அவை ஆகும். ஆங்கிலத்தில் இது காங்கிரிகேசன் என அழைக்கப்படுகிறது. இவ்வவையில் 5,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளியாரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஆட்சிக்குழுவிடமே இறுதி அதிகாரம் உள்ளது. ஆக்சுபோர்டில் அது பல்கலைக்கழகத்தில் பணிபுரிவோரிடமே இருந்து வருகிறது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் ரீசண்ட் அவுசு இதற்கு இணையான அவை ஆகும்.

வரலாறு

இடைக்காலத்தில் ஆக்சுபோர்டின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி முடிவெடுத்த வழக்கத்திலிருந்து இவ்வவை தோன்றியது. பிற்காலத்தில் ஆட்சி பெரும்பாலும் கல்லூரித் தலைவர்களின் கைக்குச் சென்றது. 1854ஆம் ஆண்டின் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகச் சட்டம் இந்நிலையை மாற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட வாரக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பேரவையும் திருத்தி அமைக்கப்பட்டது.

எனினும் முதுகலைப் பட்டதாரிகள் அனைவரையும் கொண்ட பட்டதாரிகள் அவைக்கே அப்போது இறுதி அதிகாரம் இருந்தது. இதனால், தொலைவில் வாழ்ந்த பட்டதாரிகள் திரண்டு வந்து, அங்கே பணியாற்றிய ஆசிரியர்களின் முடிவைத் தோற்கடிக்க முடிந்தது. 20ஆம் நூற்றாண்டில் இவ்வதிகாரம் படிப்படியாகப் பேரவைக்கு மாறியது. வேந்தரையும் கவிதைப் பேராசிரியரையும் தேர்ந்தெடுப்பதே இன்று பட்டதாரிகள் அவையின் முதன்மையான பணி ஆகும். வாரக் குழுவின் இடத்தில் 2000ஆம் ஆண்டில் தற்போதைய ஆட்சிக்குழு ஏற்படுத்தப்பட்டது.

உறுப்பினர்களும் அதிகாரங்களும்

கல்விப் பணியாளர்கள், கல்லூரிகளின் தலைவர்கள், கல்லூரி ஆட்சிமன்ற உறுப்பினர்கள், ஆய்வு, நூலகம், நிருவாகம் முதலிய துறைகளின் மூத்த பணியாளர்கள் ஆகியோர் பேரவையில் இடம்பெறுகின்றனர். அன்றாட நிருவாகமும் கொள்கை வகுத்தலும் ஆட்சிக்குழுவின் பொறுப்பில் உள்ளன. பேரவையின் முக்கிய அதிகாரங்கள் பின்வருமாறு:

* பல்கலைக்கழக விதிகளை இயற்றுதல், திருத்துதல்
* துணைவேந்தர் நியமனத்துக்கு ஒப்புதல் அளித்தல்
* ஆட்சிக்குழுவுக்கும் பிற குழுக்களுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தல்
* முக்கியமான கொள்கைகள் குறித்து விவாதித்து வாக்களித்தல்

சில விதிகளை மாற்றப் பேரவையின் முடிவு மட்டும் போதாது. அரசரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலின் இசைவும் தேவை.

பேரவை உறுப்பினர் 20 பேர் சேர்ந்து ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர இயலும். ஆட்சிக்குழு முன்வைப்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எவரும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. அவை வாக்கெடுப்பு இன்றியே ஏற்கப்படுகின்றன. சர்ச்சைக்குரிய விவாதங்கள் செல்டோனியன் அரங்கில் நடைபெறுவதுண்டு. ஆகவே பேரவையின் வலிமை அது அடிக்கடி கூடுவதில் இல்லை. வேண்டும்போது மறுக்க இயலும் என்பதிலேயே உள்ளது.

குறிப்பிடத்தக்க வாக்கெடுப்புகள்

1985 சனவரியில், அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு மதிப்புறு பட்டம் வழங்கும் முன்மொழிவைப் பேரவை 738-319 என்ற வாக்குகளில் நிராகரித்தது. தாட்சர் ஆக்சுபோர்டின் சோமர்வில் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அவரது அரசு நிதியைக் குறைத்ததே எதிர்ப்புக்குக் காரணம் ஆகும். அதற்கு முன்னர் 1975இல், பாக்கித்தான் பிரதமர் சுல்பிகார் அலி பூட்டோவுக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவும் தோல்வியுற்றது.

2011 சூனில், அமைச்சர் டேவிட் வில்லெட்சின் உயர்கல்விக் கொள்கையில் நம்பிக்கையில்லை என்னும் தீர்மானம் 283-5 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இது அரசைக் கட்டுப்படுத்தாத கருத்துத் தெரிவிப்பே ஆகும்.

2018 மார்ச்சில் ஓய்வூதிய மாற்றம் பற்றிய விவாதம் நடைமுறை விதியொன்றால் தடைப்பட்டது. உறுப்பினர்கள் அரங்குக்கு வெளியே கூடித் தாமே வாக்கெடுப்பு நடத்தினர். அம்முடிவு பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது எனினும், மறுநாளே நிருவாகம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

2006 சீர்திருத்த முயற்சி

பேரவையின் நிலையை நேரடியாகப் பாதித்திருக்கக்கூடிய முன்மொழிவு 2006இல் வந்தது. துணைவேந்தர் சான் ஊட், ஆட்சிக்குழுவில் வெளியார் பெரும்பான்மை பெறும் வகையில் அதைத் திருத்தி அமைக்க முயன்றார். நிதி மேலாண்மை மேம்படும், பொறுப்புக்கூறல் வலுப்படும் என ஆதரவாளர்கள் வாதிட்டனர். கல்வி பற்றிய முடிவுகள் கல்வியாளர்களின் கையைவிட்டு நழுவும் என எதிர்ப்பாளர்கள் கூறினர். நவம்பரில் பேரவை இதனை 730-456 என்ற வாக்குகளில் நிராகரித்தது. பின்னர் உறுப்பினர் அனைவரிடமும் அஞ்சல் வழி நடத்தப்பட்ட வாக்கெடுப்பிலும் 1,540-997 என்ற வாக்குகளில் அது தோல்வியுற்றது.

திறனாய்வு

ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட அவையால் விரைந்து முடிவெடுக்க இயலாது என்பதும், கூட்டங்களுக்கு உறுப்பினருள் ஒரு சிறு பகுதியினரே வருகின்றனர் என்பதும் பேரவை மீது வைக்கப்படும் குறைகள் ஆகும். மேலே கண்ட 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வாக்களித்தோர் 300 பேருக்கும் குறைவு. நிருவாகம் தன் முடிவுகளுக்கான காரணங்களை ஆசிரியர்கள் முன் விளக்கியாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பேரவை ஏற்படுத்துகிறது என்பதே ஆதரவாளர்களின் மறுமொழி ஆகும்.