இன்ஜின்ல டிக் டிக் சத்தமா? கிரெடிட் கார்டை நீட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



தேதி 24. சம்பளம் வர இன்னும் ஒரு வாரம் இருக்கு. ஆபீஸ் கிளம்பலாம்னு காரை ஸ்டார்ட் பண்றீங்க, பானட்டுக்குள்ள தையல் மிஷின் ஓடுற மாதிரி "டிக் டிக் டிக்". ஒர்க்‌ஷாப்ல விட்டா, ரெண்டு நிமிஷம் காது குடுத்துக் கேட்டுட்டு, "டேப்பட் போயிடுச்சு சார், இன்ஜினைப் பிரிக்கணும், நாப்பதாயிரம் ஆகும்"னு சொல்றாங்க. என்னோட பழைய காருக்கும் இதே வசனத்தைக் கேட்டேன். கடைசியில எனக்கு ஆன செலவு ஒரு ஆயில் சர்வீஸ். எல்லாருக்கும் அப்படி முடியாது. சில வண்டிக்கு நிஜமாவே லிஃப்டர் மாத்தணும். ஆனா சின்ன செலவுல இருந்து பெரிய செலவுக்குப் போகணும், நேரா பெரிய செலவுல குதிக்கக் கூடாது.

முதல்ல அந்த சத்தம் எப்படி வருதுன்னு பாத்துடுவோம். இன்ஜின்ல வால்வுகளைத் திறந்து மூடுறது கேம் ஷாஃப்ட். கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற பார்ட்தான் லிஃப்டர், நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில டேப்பட். நிறைய கார்ல இது ஹைட்ராலிக் டைப். உள்ள ஒரு குட்டி பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஆயில் திரும்பிப் போகாம தடுக்க ஒரு சின்ன வால்வு. ஆயில் பிரஷர்ல பிளஞ்சர் மேல வந்து இடைவெளியை நிரப்பிடும். ஆயில் சரியா போய்ச் சேரலைன்னா, இல்ல பிளஞ்சர் தேஞ்சு ஆயில் கசிஞ்சா, இடைவெளி விழும். அந்த இடைவெளியில உலோகம் உலோகத்தைத் தட்டுறதுதான் நமக்குக் கேக்குற டிக் டிக். ஐடிலிங்ல இன்ஜின் 800 ஆர்பிஎம் சுத்துனா, கேம் அதுல பாதி வேகம்தான். அதனால ஒரு லிஃப்டர் நிமிஷத்துக்கு 400 தடவை தட்டும். ஆக்சிலரேட்டர் குடுத்தா தட்டுற வேகமும் ஏறும்.

காலையில முதல் ஸ்டார்ட்ல சில செகண்ட் கேட்டு நின்னுடுதா? ராத்திரி முழுக்க நின்ன வண்டியில லிஃப்டருக்குள்ள இருந்த ஆயில் கொஞ்சம் வடிஞ்சிருக்கும், ஸ்டார்ட் ஆனதும் நிரம்பிடும். இதுக்குப் பணம் செலவு பண்ண வேண்டாம். இன்ஜின் சூடான அப்புறமும் விடாம கேட்டாத்தான் விஷயம்.

அப்பவும் முதல் வேலை டிப்ஸ்டிக். சமதரையில நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க. லெவல் குறைஞ்சிருந்தா மேனுவல்ல சொன்ன கிரேடையே ஊத்துங்க. கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க, என்ன கிரேடு ஊத்துனாங்கன்னு பழைய பில்லை எடுங்க. என் வண்டியில தப்பு அங்கதான் இருந்தது: 5டபிள்யூ-30 கேக்குற இன்ஜின்ல அதைவிடக் கெட்டியான ஆயில். சரியான ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு ஒரு வாரம் ஓட்டுனேன், சத்தம் அடங்கிடுச்சு.

இங்க ஒரு விஷயம். "கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் கேக்காது"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. சத்தம் குறையலாம், தேய்மானம் நிக்காது. ரொம்ப நாள் ஆயில் மாத்தாத இன்ஜின்ல ஃப்ளஷ் ஊத்துறதும் ரிஸ்க். இளகுன கசடு போய் ஆயில் பம்ப் சல்லடையை அடைச்சா, மொத்த இன்ஜினுக்கும் ஆயில் நின்னுடும்.

ஆயில் சரியா இருந்தும் சத்தம் இருந்தா, "எந்த லிஃப்டர், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு மெக்கானிக்கிட்ட கேளுங்க. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக்கும் இதே மாதிரிதான் டிக் டிக்னு கேக்கும். இன்ஜெக்டரும் இயல்பாவே டிக்கும். ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேட்டு, ஆயில் பிரஷர் கேஜ் போட்டுப் பாத்துட்டு சொல்றவரை நம்பலாம். உங்க வண்டியில ஸ்க்ரூ டைப் டேப்பட்னா (நிறைய பைக்ல இதுதான்) ஃபீலர் கேஜ் வெச்சு செட்டிங் பண்ணாலே போதும். சத்தமே வரக் கூடாதுன்னு ரொம்ப டைட் மட்டும் வைக்க விடாதீங்க. வால்வு முழுசா மூடாம கருகிடும், அது இதைவிடப் பெரிய செலவு.

நிஜமாவே லிஃப்டர் தேஞ்சிருந்தா தள்ளிப் போடாதீங்க, கேமும் சேர்ந்து தேயும். பில்லுல லேபர்தான் கனமா இருக்கும், ஏன்னா நிறைய இன்ஜின்ல கேமையே கழட்டணும். அதனால ஒரு லிஃப்டர் மட்டும் மாத்தாம செட்டா மாத்துங்க. டைமிங் பெல்ட் மாத்துற நேரம் நெருங்கியிருந்தா அதையும் அப்பவே முடிச்சா லேபர் மிச்சம். கேமைக் கையில எடுத்துக் காட்டச் சொல்லுங்க. தேஞ்ச கேம் மேல புது லிஃப்டர் போட்டா அந்தக் காசு வீண். எஸ்டிமேட் எழுத்துல, ஜிஎஸ்டியோட வாங்குங்க. பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிடுங்க.

இப்ப பணம். கார் இன்சூரன்ஸ் இதுக்கு வராது, தேய்மானம் பாலிசியில கிடையாது. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தா கேட்டுப் பாருங்க, ஆனா சர்வீஸ் பில் எல்லாம் காட்டச் சொல்லுவாங்க. அந்த 40,000-ஐ கார்டுல 16% வட்டிக்கு 12 மாச இஎம்ஐ போட்டா மாசம் சுமார் 3,629. வட்டி மட்டும் 3,550, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ் தனி. அவசர நிதி இருந்தா அதுல இருந்து எடுங்க, ஆபீஸ் போக வர அந்த வண்டிதான்னா இது அவசரம்தான். எடுத்ததை அதே 3,629 கணக்குல மாசாமாசம் திருப்பிப் போட்டா, சுமார் 11 மாசத்துல கிட்டத்தட்ட நிரம்பிடும்.

ஒரே ஒரு சூழ்நிலையில இந்த வரிசை எதுவும் வேண்டாம். டிக் டிக் மாறி "டொக் டொக்"னு கனமா இடிச்சாலோ, ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சாலோ, ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்க. வீடு வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைச்சா நிஜமாவே இன்ஜின் இறக்க வேண்டி வரும்.

செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போறவங்க, "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முந்தின நாளே சொல்லி வைங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.