தலையில் வெட்டு விழுந்த பொற்காசுகள்

"ரோமானியப் படை நம் பக்கம் வந்ததா? வரவில்லையென்றால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கருக்காக்குறிச்சிக்கு அத்தனை ரோமானியத் தங்கம் எப்படி வந்தது?" என்று ஆலங்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

படை வரவில்லை. வணிகம்தான் காசைக் கொண்டுவந்தது. அந்த வணிகத்தின் தடம் தூரத்திலும் தெரிகிறது: ரோமானியரின் வடக்கு எல்லை அப்போது பிரிட்டனில் இருந்தது. அங்கே விண்டோலாண்டா கோட்டையின் ஈரமண்ணிலிருந்து, மையால் எழுதிய மெல்லிய மரச்சில்லுகள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. ஒரு சில்லில் பற்றுக் கணக்கு இருக்கிறது: கம்பாக்ஸ் என்பவன் பெயரில் மிளகு, 2 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). குளிரில் எல்லை காத்தவர்களின் கோட்டை வரைக்கும் நம் மலைச்சரக்கு போயிருக்கிறது!

அந்த மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் ஈடாக வந்த தங்கத்தில் ஒரு குவியல்தான் 1898இல் கருக்காக்குறிச்சியில் கிடைத்தது. மொத்தம் 501 பொற்காசுகள். அவற்றில் காலத்தால் பிந்தியவை பேரரசர் வெஸ்பாசியன் காலத்தவை, அதாவது கி.பி. 79க்குள் அச்சானவை. அன்றைய ரோமானிய லீஜியன் படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். 25 தெனாரியஸ் ஒரு பொற்காசு என்பதால், ஆண்டுக்கு 9 காசு. அந்தக் குவியல் ஒரு வீரனின் 55 ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல்!

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தக் காசுகளில் உள்ள வெட்டு. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி ஆழமாக இறங்கியிருக்கிறது. முலாம் பூசிய போலியா என்று பார்க்க வெட்டினார்களா? அதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. தேய்ந்த காசு மறுபடி காசாகப் புழங்காமல், வெறும் தங்கமாக மட்டும் கைமாறட்டும் என்று செய்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புதிய பாஸ்போர்ட் வாங்கியபோது என் பழையதன் மூலையை வெட்டித் தந்தார்கள், அதே வேலைதான்.

இப்படிக் காசை வெட்ட இங்கே அதிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்டால், நாம் பார்க்க வேண்டியது புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டை. அகழியும் மண்மேடும் சூழ்ந்த சங்க காலக் கோட்டை அது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. செங்கல் கட்டுமானம், தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி எல்லாம் வெளிவந்தன. விண்டோலாண்டாவில் அரை நூற்றாண்டைத் தாண்டியும் தோண்டுகிறார்கள். பல ஊர்களிலிருந்து வந்து தன்னார்வலர்கள் மண் அள்ளுகிறார்கள். நமக்கோ இரண்டு பருவத்தில் ஆர்வம் தணிந்துவிடக்கூடாது. மேடுதானே என்று யாராவது மண் எடுக்க வண்டி கொண்டுவந்தால் ஊர்க்காரர்களே தடுக்க வேண்டும். கோட்டைச் சுவர் புதைந்திருப்பது அந்த மண்ணுக்குள்தான்.