வெப்ப அலை: வானிலை அறிவிப்பைப் புரிந்துகொள்வது எப்படி?



சித்திரை பிறந்துவிட்டால் வெயிலைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஆனால் "அடுத்த இரண்டு நாள்களுக்கு வெப்ப அலை வீசக்கூடும்" என்று வானொலியில் கேட்கும்போது, அந்த வார்த்தைக்கு என்ன பொருள், யாருக்கு ஆபத்து, நாம் செய்யவேண்டியது என்ன என்று அறிந்திருக்கிறவர்கள் வெகு சிலரே. வெயில் தாக்கி விழுகிறவர்களில் பலரைக் காலம் தாழ்த்தாமல் கவனித்தால் பிழைக்க வைக்கலாம். ஆகவே இந்த இதழில் அந்த அறிவிப்பைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வெப்ப அலை என்பது எது?

இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸையாவது எட்டவேண்டும். அதோடு, அந்த ஊரின் வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரிக்குக் குறையாமல் கூடியிருக்கவேண்டும். 6.4 டிகிரிக்கும் மேல் கூடினால் அது கடுமையான வெப்ப அலை. கடற்கரை ஊர்களுக்கு 37 டிகிரியும் மலைப்பகுதிக்கு 30 டிகிரியும் எல்லை. சமவெளியில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டால், வழக்கமான அளவு எதுவானாலும், அது வெப்ப அலையே. ஒரு வட்டாரத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள்கள் இப்படியிருந்தால்தான் முறையாக அறிவிப்பார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உள் மாவட்டம் ஒன்றில் மே மாதத்தின் வழக்கமான வெப்பமே 39 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 43.5 டிகிரியை எட்டினால்தான் "வெப்ப அலை" என்ற பெயர் கிடைக்கும். 42 டிகிரியில் செங்கல் சூளையில் நிற்கிறவருக்கு அந்தப் பெயர் இல்லாமலே ஆபத்து உண்டு. மேலும், அறிவிப்பில் வரும் எண் நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. நேர் வெயிலிலும் தகரக் கூரையின் கீழும் உடம்பு தாங்கவேண்டியது அதைவிட அதிகம். "வெப்ப அலை என்று அறிவிக்கவில்லையே" என்று அலட்சியமாயிருக்கக்கூடாது.

நம் பகுதியில் வெயில் ஏன் திடீரென்று ஏறுகிறது?

வட தமிழகத்திலும் ஆந்திரக் கரையோரத்திலும் மே மாத வெயிலைத் தணிப்பது கடற்காற்றுதான். நிலம் சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது முற்பகலிலேயே வந்துவிட்டால் அந்த நாள் தப்பித்தது. மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாயிருந்தால் கடற்காற்று பிற்பகல்வரை உள்ளே வரமுடியாமல் நிற்கும். சூடேறிய நிலத்தின் மேல் தவழ்ந்து வரும் அந்த வறண்ட காற்று வெப்பத்தை மேலும் ஏற்றிவிடும். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியை எட்டியது.

வங்கக் கடலில் புயல் என்று கேட்டால் மழை வரும் என்று மகிழ்கிறோம். புயல் நம் கரைக்கு வராமல் வடக்கே போய்விட்டால் நடப்பது வேறு. அது ஈரக் காற்றைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு, நம் பக்கம் தரைக்காற்றை வீசச் செய்கிறது. ஆகவே மே மாதத்தில் புயல் விலகிச் சென்ற செய்தி வந்தால், அடுத்த சில நாள்களுக்கு வெயிலுக்கே ஆயத்தமாயிருப்பது நல்லது.

மூன்று வகை அறிவிப்புகள்

முதலாவது, பருவகால முன்னறிவிப்பு. மார்ச் முடிவில் வரும் இது, ஏப்ரல் முதல் ஜூன் வரை எந்தப் பகுதியில் வெயில் வழக்கத்தைவிட மிகும் என்று பொதுவாகச் சொல்லும். குறிப்பிட்ட நாளைச் சொல்லாது. மே மாத வி.பி.எஸ். வகுப்புகளையும் கன்வென்ஷன் கூட்டங்களையும் எந்நேரத்தில், எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிக்க இது உதவும்.

இரண்டாவது, வியாழக்கிழமைதோறும் வரும் வாரங்களுக்கான முன்னறிவிப்பு. மருந்தும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் இருப்பு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனைகளுக்கு இது போதுமான அவகாசம் தருகிறது.

மூன்றாவது, மாவட்டவாரியாக அடுத்த சில நாள்களுக்கு வரும் எச்சரிக்கை. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனமாயிருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். இதோடு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் பாருங்கள். இரவிலும் சூடு தணியாவிட்டால் சரீரம் இளைப்பாற நேரமில்லாமல் போகிறது. மூன்றாம் நான்காம் நாளில் முதியோர் சோர்ந்து விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

முன்னறிவிப்பு உயிர் காக்குமா?

அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. வழக்கமான மே மாதத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அந்த நகரம் 2013இல் ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. வானிலைத் துறையின் முன்னறிவிப்பு கிடைத்தவுடனே மருத்துவமனைகளுக்கும் மக்களுக்கும் தகவல் போகும். தண்ணீர் விநியோகம் கூடும். மருத்துவ ஊழியருக்கு முன்கூட்டியே பயிற்சி இருக்கும். பின்பு பல நகரங்களும் மாநிலங்களும் இதைப் பின்பற்றின. 2015இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெயிலுக்குப் பலியானார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று தீர்மானித்தது.

அறிவிப்பு தானாக யாரையும் காப்பதில்லை. அதைக் கேட்டவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால்தான் அது உயிர் காக்கும்.

வெயில் தாக்கினால்

வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. தண்ணீர்ச் சத்து குறைந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தாலும் இது தடைப்படுகிறது. முதலில் தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், மயக்கம் வரும். அப்போதே நிழலில் படுக்கவைத்துக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்பவாதம். மூளையும் சிறுநீரகமும் ஈரலும் பழுதடையும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

உடனே 108க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை சும்மா காத்திராதீர்கள். ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். இது கிருமியால் வந்த ஜுரம் அல்ல. பாராசிட்டமால் மாத்திரை பயன்படாது.

நம்மால் ஆகக்கூடியவை

• தனியாக வாழும் முதியோரின் பெயர்களைச் சபையில் எழுதிவைத்து, ஆரஞ்சு, சிவப்பு நாள்களில் ஒரு நாளில் இருமுறை போய்ப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது.

• காலை 11 மணி முதல் மாலை 4 மணிவரை ஆலய மண்டபத்தைத் திறந்துவைத்து, பானைத் தண்ணீரும் நீர்மோரும் வையுங்கள். வழிப்போக்கர் யாராயினும் உட்காரட்டும்.

• பிள்ளைகளின் வகுப்புகளைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம்.

• கட்டட வேலை, வயல் வேலை, நூறு நாள் வேலை செய்கிறவர்கள் விடியற்காலையில் தொடங்கி முற்பகலில் முடிக்கட்டும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் சில நாள்கள் பாதி வேலையே கொடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

• வியர்த்துச் சோர்ந்தவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மாத்திரம், அடிக்கடி.

இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. அடுத்த வியாழக்கிழமை அறிவிப்பைக் கேளுங்கள். கேட்டதை, வானொலியோ தொலைபேசியோ இல்லாத ஒரு வீட்டுக்குத் தயவாய் எடுத்துச் சொல்லுங்கள்.