நடைபாதையைத் திரையில் அளக்கலாமா?

ஒரு தெரு நடக்க லாயக்கானதா என்று தெரிய, ஆய்வாளர்கள் படிவமும் கையுமாக அந்தத் தெருவிலேயே நடந்து பார்ப்பது வழக்கம். ஆள்கூலி, அலைச்சல், மழை என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். 2007-ல் அமெரிக்காவில், தெருக்களைப் படமாகத் திரையில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்த பிறகு, இதையே மேசையில் உட்கார்ந்து முடித்தால் என்ன என்று பலருக்கும் தோன்றியது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ரண்டில் குழு நியூயார்க்கில் இதைச் சோதித்தது. 37 தெருப்பகுதிகள், 143 கேள்விகள். நேரில் போனவர்கள் குறித்ததையும் படம் பார்த்தவர்கள் குறித்ததையும் ஒப்பிட்டார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, பாதிக்குச் சற்று அதிகமான கேள்விகளில் பதில்கள் நன்றாகவே ஒத்துப்போயின. பாதசாரிப் பாதுகாப்பு, போக்குவரத்து, வாகன நிறுத்தம் போன்றவற்றில் திரை ஏமாற்றவில்லை. சின்னப் பொருட்களிலும், நேரத்துக்கு நேரம் மாறுபவற்றிலும்தான் சறுக்கல்.

காரணம் எளிது. கேமரா இருப்பது கார் கூரையில், பார்ப்பது நடுச்சாலையிலிருந்து. ஓரத்தில் ஒரு வேன் நின்றால் போதும், அதன் பின்னால் நடைபாதை உடைந்திருக்கிறதா, இருக்கிறதா என்பதே தெரியாது. படத்தின் மூலையில் மாதமும் ஆண்டும் இருக்கும், மணி இருக்காது. முனை திரும்பினால் தேதியே மாறிவிடுவதும் உண்டு.

அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. வாஷிங்டன் நகரில் 'ப்ராஜெக்ட் சைட்வாக்' என்ற திட்டத்தில் சுமார் 800 பேர், சக்கர நாற்காலி ஏறும் சரிவு எங்கே உண்டு, எங்கே இல்லை, எங்கே வழிமறிப்பு என்று திரையிலேயே பார்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிகளை இட்டார்கள். அவ்வளவு தெருக்களை நேரில் அளக்க எந்த மாநகராட்சி ஆள் அனுப்பும்?

இந்தியாவில் 2022 ஜூலையில்தான் ஸ்ட்ரீட் வியூ முறையாக வந்தது. முதல் 10 நகரங்களில் சென்னையும் ஒன்று. இங்கே கொஞ்சம் உஷார் தேவை. நம் ஊரில் பல இடங்களில் நடைபாதை இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் பைக் நிற்கிறது, கடைச் சரக்கு இறங்குகிறது, மாலையானால் தள்ளுவண்டியும் வருகிறது. காலையில் எடுத்த படம் அதே தெருவுக்குத் தாராளமாக மார்க் போட்டுவிடும். எந்தத் தெருவை முதலில் போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்யப் படம் போதும். டெண்டர் விடப் போதாது.

உங்கள் பகுதிக்கு இப்படியொரு மதிப்பெண் வெளியானால், படம் எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.