மந்திரமும் சாயப்பட்டறையும்

(இளங்கலை வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)

‘மந்திரம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? விட்டலாச்சாரியாவின் படங்களில் வரும் தாடி வைத்த மந்திரவாதியும், அவன் கைக்கோலும், புகை மண்டலமும்தான். தொல்காப்பியரோ செய்யுளியலில் மந்திரத்துக்கே தனி இலக்கணம் வகுத்திருக்கிறார். சொன்ன சொல் பலிக்கும் ஆற்றல் பெற்ற சான்றோரின் ஆணையே மந்திரம் என்பது அதன் கருத்து. இந்த இரண்டையும் சேராத மூன்றாவது வகை மந்திரம் ஒன்றை நான் சென்ற விடுமுறையில் கற்றேன். கற்றது குருகுலத்தில் அன்று, என் பெரியப்பா மகன் வீட்டுக் கணிப்பொறியில்!

“விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதா?” என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் உயர்த்த வேண்டா. இறுதிவரை படித்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மந்திர விளையாட்டுகளின் வரலாறு சுவையானது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். தாள், பென்சில், பகடை, கற்பனை ஆகியவையே அதன் கருவிகள். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து அவர்கள் ஒரு விதியை எடுத்துக்கொண்டனர். மந்திரவாதி சில மந்திரங்களை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியும். ஒன்றைச் சொல்லிவிட்டால் அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடும். தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் நமக்கு நேர்வதும் இதுதானே!

1981-இல் ‘விசார்ட்ரி’ என்ற விளையாட்டு இத்தகைய மந்திரங்களைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ‘மானா’ என்னும் அளவு பரவியது. பசிபிக் தீவு மக்களின் மொழிகளில் தெய்விக ஆற்றலைக் குறிக்கும் சொல் அது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் இத்தனை மானா செலவு, தீர்ந்தால் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கைச்செலவுக்கு வீட்டில் தரும் பணம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடிய விளையாட்டின் பெயர் ‘மேஜிக்கா’. சுவீடன் நாட்டின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கிய ஆரோஹெட் என்னும் சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. 2011 சனவரித் திங்களில் அது வெளிவந்தது. நம்மைப் போன்ற மாணவர்கள் கூடிச் செய்த ஆக்கம் அது என்பதே எனக்குப் பெரு வியப்பாக இருந்தது.

அதில் மானா என்ற கணக்கே இல்லை. நீர், உயிர், கவசம், குளிர், மின்னல், மாயம், மண், நெருப்பு என எட்டு மூலங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையில் ஒரு விசை. ஒரே நேரத்தில் ஐந்து வரை கூட்டலாம். நீரும் நெருப்பும் சேர்ந்தால் நீராவி. நீரும் குளிரும் சேர்ந்தால் பனிக்கட்டி. நெருப்பும் குளிரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், உயிரும் மாயமும் அப்படியே. பகைவனை முதலில் நனைத்துவிட்டு மின்னலை ஏவினால் அடி பலமாக விழும். நாமே நனைந்திருக்கும்போது மின்னலைத் தொட்டால் நமக்கே அதிர்ச்சி! நால்வர் சேர்ந்து ஆடலாம். ஆனால் நம் நெருப்பு நண்பன் என்று பார்க்காது, அவனையும் சுடும். வீழ்ந்தவனை எழுப்ப உயிரையும் மின்னலையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். நானும் என் பெரியப்பா மகனும் பகைவரால் மாண்டதைவிட ஒருவரால் ஒருவர் மாண்டதே மிகுதி.

மூன்று நாள்களில் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. கூட்டுகளை உருப்போட்டவன் பதற்றத்தில் தவறுவான். எது எதனுடன் ஏன் சேர்கிறது என்று அறிந்தவன் புதிய கூட்டையும் அமைப்பான். எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று. சென்ற பருவத்தில் உப்புப் பகுப்பாய்வுச் செய்முறைத் தேர்வில் நான் தோற்றேன். மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்க்குமுன் அம்மோனியம் குளோரைடு சேர்க்க மறந்தேன். மூன்றாம் தொகுதியில் வரக் கூடாத மக்னீசியம் அங்கேயே வீழ்படிவாக வந்து என்னை ஏமாற்றியது. வரிசையை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அந்தக் குளோரைடு அங்கே எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் மாலை என்னை அழைத்துப்போக வந்த என் தந்தையார் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். “இது நம்ம வேலையாட்டத்தான் இருக்குது” என்றார். எப்படி என்று கேட்டேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பனியன் துணியை முதலில் காஸ்டிக்கும் பெராக்சைடும் இட்டு வெளுக்க வேண்டும். மிச்சமிருக்கும் பெராக்சைடை நீக்காவிட்டால் சாயத்தை அது தின்றுவிடும். பிறகு சாயம், உப்பு. நீரில் மிதக்கும் சாயத்தைப் பருத்தி இழையின்பால் தள்ளுவது உப்பின் வேலை. இறுதியில், சுமார் 60 பாகை வெப்பத்தில், சோடா ஆஷைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காரத்தன்மை ஏறிய பின்னரே சாயம் இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் துணி திட்டுத்திட்டாகும், ஷேட் கார்டோடு ஒத்துவராது. பாடநூலில் நான் படிக்கும் வினைகளைத்தான் அவர் பதினைந்து வயது முதல் கையாலும் கண்ணாலும் செய்து வருகிறார்!

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: “ஏங்கண்ணு, ஆட்டத்துல இத்தனை மந்திரம் போடறயே, கழிவுத் தண்ணியெல்லாம் எங்க போகுது?”

“அது வெளையாட்டுங்கப்பா, எங்கயும் போகாதுங்க” என்றேன்.

“அப்பச் சரி” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாயத்தின் ஒரு பகுதி இழையோடு சேராமல் நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. இட்ட உப்போ துணியில் தங்குவதே இல்லை. இரண்டும் கழிவுநீராகத்தான் வெளியேற வேண்டும். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யல் அந்த உப்பைப் பல ஆண்டுகள் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011 சனவரி 28 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய, சலவை ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மேஜிக்கா வெளிவந்த அதே திங்கள்!

நான் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தேன். பட்டறை மூடியதும் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி விரிக்கும் வேலைக்குப் போனார். இரவில் அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கையில் சாயக்கறை இல்லாத அப்பாவை அதற்குமுன் நான் கண்டதில்லை. அணையின் கீழே நிலமிழந்த உழவரின் வீட்டிலும் என்னைப் போல் ஒரு சிறுவன் இருந்திருப்பான் அல்லவா? இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கணக்கில் எழுதப்படாத செலவை இருவரும் சேர்ந்து கட்டினார்கள்.

பின்னர் சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் அமைத்து, நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறையில் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. அப்பாவும் சாயத்துக்கே திரும்பினார். பருத்தி இழைக்கு நேர்மின்னேற்றம் ஊட்டி, உப்பின் தேவையையே குறைக்கும் முறையும் வேதியியலில் இருக்கிறது. ஆனால் அதற்குச் செலவும் சிக்கலும் உண்டு. அதைப் பற்றி மேலும் கற்க வேண்டும் என்பதே என் இப்போதைய அவா.

தோழர்களே, விளையாடுங்கள், தவறில்லை. விளையாட்டில் மந்திரத்துக்கு மிச்சம் கிடையாது. ஆய்வுக்கூடத்திலும் பட்டறையிலும் மிச்சம் உண்டு, அதுவும் சமன்பாட்டின் ஒரு பகுதியே. வரும் பருவத்தில் அந்தச் செய்முறைத் தேர்வை மீண்டும் எழுதுகிறேன். இம்முறை அம்மோனியம் குளோரைடை மறக்க மாட்டேன். தேர்வு முடிந்ததும் குழாயில் மிஞ்சுவதை எங்கே ஊற்றுவது என்றும் ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன்.