மருந்துப் பெயர் ஏன் துண்டாகிறது?

2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் மொழி மாடல், விக்கிப்பீடியாவையும் கதைப் புத்தகங்களையும் படித்து வளர்ந்தது. மறைத்து வைத்த சொல்லை ஊகிப்பதே முக்கியப் பயிற்சி. அதன் சொற்பட்டியலில் இல்லாத நலாக்ஸோன் (naloxone) என்ற மருந்துப் பெயர் na, lo, xon, e என நாலு துண்டாகிவிடும்.

2019-இல் கொரியா பல்கலைக்கழகத்தார், பெர்ட்டுக்கே பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் ஆய்வுச் சுருக்கங்களைப் படிக்கக் கொடுத்து பயோபெர்ட்டை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட், மருத்துவச் சொற்பட்டியலோடு முதலிலிருந்தே பயிற்றிய பப்மெட்பெர்ட், பல சோதனைகளில் முந்தியது.

ஆனால் மருத்துவச் சொற்கள் மட்டும் தெரிந்தால் போதாது. தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். கம்பைநல்லூர்ப் பெரியவர் ஒருவர் “முட்டிக்கு முட்டி குடைச்சல், பல்லெல்லாம் காவி” என்று சொன்னால், ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் நோய் பற்றி ஆங்கிலத்தில் மட்டுமே படித்த மாடலுக்கு அது எட்டுவது கடினம். பெயர், முகவரி நீக்கிய நம்மூர் நோயாளிகளின் பேச்சையும் அதற்குப் படிக்கக் கொடுத்தாக வேண்டும்.